பால் பொங்குது, போய்ப் பாருங்க

அக்காவை நான் பார்ப்பதற்கு முன்பே அவர் குரலைக் கேட்டுவிட்டேன். மூன்றாம் மாடியில் எங்கள் கம்பெனிக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது சுவர் என்று சொல்ல முடியாது. வெறும் பலகைத் தடுப்பு. ஒரு காலையில் அந்தத் தடுப்புக்கு அப்பாலிருந்து, சிமெண்டுத் தரையில் மரபெஞ்சை இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சத்தத்துக்குள் வார்த்தைகளும் இருந்தன.

"வணக்கம், அடுப்புக்கண் உதவி மையம். சொல்லுங்க, என்ன ஆச்சு?"

பக்கத்துக் கம்பெனியில் வயதான மனிதர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், பாவம், ஜலதோஷம் வேறு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போனபோது அங்கே நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நீலப் பருத்திச் சேலை, தோளில் பெரிய துணிப்பை, முகம் நிறையச் சிரிப்பு.

"நீங்கதான் குடைக் கம்பெனியா? உங்க சிரிப்புச் சத்தம் எங்க பக்கம் நல்லாக் கேக்குது" என்றார், அதே பெஞ்சு இழுக்கும் குரலில்.

என் கையிலிருந்த பாட்டில் நிரம்பி வழிந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை. அவர்தான் குழாயை மூடினார்.

நாங்கள் அப்போது குடை செய்துகொண்டிருந்தோம். மறந்து வைத்துவிட்டுப் போனால் உங்கள் போனுக்கு மணியடிக்கும் குடை. அந்தக் கட்டடம் முன்பு மெத்தைக் கடையாக இருந்தது. கடைக்காரர் மூடிவிட்டுப் போனபின், மாடி மாடியாகத் தடுத்து எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். நாய்க்கு நேரத்துக்குச் சாப்பாடு போடும் பெட்டி செய்பவர்கள், பல் தேய்க்கும்போது பாட்டுப் பாடும் பிரஷ் செய்பவர்கள், என்ன செய்கிறோம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் என்று எல்லா வகையும் இருந்தோம். ஒருவர் ஸ்க்ரூடிரைவரை இன்னொருவர் கேட்காமலே எடுத்துக்கொள்வோம். முதலீடு செய்கிற யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், பக்கத்துக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் போய் அங்கே நாற்காலிகளில் உட்கார்ந்து மும்முரமாகத் தட்டச்சு செய்வோம். ஆள் பலம் தெரியவேண்டும் அல்லவா? நானே நாய்ப் பெட்டிக் கம்பெனியில் இரண்டு முறை 'வேலை' பார்த்திருக்கிறேன்.

அடுப்புக்கண் கம்பெனியில் முதலில் இரண்டே பேர்தான். ஒருத்தியை எல்லோரும் தலைவி என்று கூப்பிடுவோம். முதலில் கிண்டலாக வைத்த பெயர். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. இன்னொருவன் ஒல்லி. மின்னணு வேலை முழுக்க அவனுடையது. தலைவியின் அப்பாவுக்குக் கண்பார்வை மங்கல். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோவார், அல்லது தீ எரிகிறதா அணைந்துவிட்டதா என்று தெரியாமல் நிற்பார். அவருக்காக அவள் யோசித்ததுதான் அடுப்புக்கண். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கருவி. அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டால் போதும். அடுப்பின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பால் பொங்கப் போகிறதா, பாத்திரம் இல்லாமல் தீ எரிகிறதா, ஆளே இல்லாத சமையலறையில் அடுப்பு எரிகிறதா, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லும்.

கம்பெனிக்குள் அதைக் 'கண்ணு' என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில், "இப்பக் கண்ணு எப்படி இருக்கு? கண்ணு பேசுதா?" என்று விசாரித்ததும், எதிர்முனையில் இருந்த அம்மாள், "கண்ணு நல்லா இருக்கும்மா, ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு" என்று ஆரம்பித்து மருத்துவமனைக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாராம். அக்கா இடையில் குறுக்கிடவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில்தான் மெஷினைப் பற்றிக் கேட்டார்.

அதற்கு முன்னால் அக்கா ஒரு பார்சல் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தார். அங்கே பாதிப்பேர் அவரை "சார்" என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். "சார்னு கூப்பிட்டா கொஞ்சம் கம்மியாத் திட்டுறாங்க. எனக்கென்ன நஷ்டம்?" என்பார்.

பிறந்ததிலிருந்தே அவர் குரல் அப்படித்தான். டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை, அமைப்பே இப்படி என்று சொல்லிவிட்டார்கள். மற்றபடி அது பாடகர்கள் குடும்பம். அப்பா பாடுவார், அம்மா பாடுவார். அண்ணன் கல்யாண வீடுகளில் மேடையேறிப் பாடியே பிழைக்கிறவர். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும் அவர் குரல். அவர்தான் தங்கைக்குத் தவளை என்று பெயர் வைத்தவர். பள்ளிக்கூடத்தில் கூட்டாகப் பாடும்போது பாட்டு டீச்சர் அக்காவைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றாராம். "நான் நல்லா அசைச்சேன் தம்பி. அசைச்சதுல எனக்குத்தான் முதல் இடம்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் கணவர் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். ஒரே மகள், பதினைந்து வயது. அந்த வயதுக்கே உரிய கூச்சம். "அம்மா, ஸ்கூலுக்கு வந்தா எங்க மிஸ்கிட்ட நீ பேசாத. நான் பேசிக்கிறேன்" என்பாள். அக்கா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் சேலைத் தலைப்பைச் சும்மா சரிசெய்துகொள்வார்.

அடுப்புக்கண்ணுக்கு முதலில் இருந்தது ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்த குரல். தேனில் ஊறிய குரல். "தயவுசெய்து கவனிக்கவும். பாத்திரத்தின் வெப்பநிலை உயர்ந்துகொண்டிருக்கிறது" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லும். அது சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி, வழிந்து, தரைக்கு வந்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. பலருக்கு அது காதிலேயே விழவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் வயதானவர்கள். சமையலறையில் தண்ணீர் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, புகை இழுக்கும் விசிறி ஓடுகிறது. அந்த இரைச்சலில் தேன் எங்கே கேட்கும்? ஒல்லி சத்தத்தைக் கூட்டிவைத்தான். இப்போது அது கீச்சென்று கத்தியது. ஒரு வீட்டில் பூனை பயந்து அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். இறங்க மறுக்கிறது என்று போன் வந்தது. அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. அவர்கள் பக்கம் அமைதியாகிவிட்டது. தலைவி நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரமாக நிற்பாள். ஒல்லி இன்னும் ஒல்லியானான்.

அப்போதுதான் கப்பல்காரர் போன் செய்தார். கப்பல்களில் சமையல்காரராக உலகமெல்லாம் சுற்றிவிட்டு ஓய்வுபெற்றவர். இயந்திர அறைக்குப் பக்கத்துச் சமையலறையிலேயே ஆயுளைக் கழித்ததில் ஒரு காது போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. அன்றைக்கு நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தியது அக்காவின் போனிலிருந்து எனக்கே கேட்டது.

"தம்பி, உங்க மெஷினுக்குள்ள ஒரு பொண்ணு இருக்கே, அது என்கிட்ட ஏதாவது ரகசியம் சொல்லுதா?"

"இல்லீங்கய்யா, அடுப்பைப் பாருங்கன்னு சொல்லுது."

"கொசு பறக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை கையால அடிச்சேன்."

"மெஷினையா?"

"கொசுவைன்னு நினைச்சு அடிச்சேன். ஆமா, தம்பி, நீங்க பேசுறது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக் கேக்குது? என் மகன் பேசினாக்கூட எனக்குப் பாதி புரியாது."

"நான் தம்பி இல்லீங்கய்யா. பொம்பளை."

 அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அப்படியா! சரிம்மா, அப்ப ஒண்ணு பண்ணு. அந்தக் கொசுவை வெளிய அனுப்பிட்டு நீ உள்ள போய் உக்காந்துக்கோ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கையாக இரண்டு பேரிடம் சொன்னார். அதோடு மறந்தும் போனார். தலைவி மறக்கவில்லை. உதவி மையத்துக்கு வரும் பேச்சுகளையெல்லாம் அவள் பிறகு உட்கார்ந்து கேட்பது வழக்கம். கப்பல்காரர் பேச்சைக் கேட்டதும் பழைய பேச்சுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். காது கேட்காதவர்கள் எத்தனை பேர் அக்காவிடம் சுலபமாகப் பேசியிருக்கிறார்கள்! ஒருவர்கூட "என்ன? என்ன?" என்று கேட்கவில்லை. வயதானால் காதில் முதலில் போவது மெல்லிய, உச்சமான ஒலிகள்தான். தடித்த, கீழான ஒலிகள் கடைசிவரை நிற்கும் என்று ஒல்லி படித்துவிட்டு வந்து சொன்னான். போதாதற்கு அக்கா குரலில் அந்தக் கரகரப்பு வேறு. எந்த இரைச்சலிலும் கரையாமல் தனியாக நிற்கும்.

மறுநாள் தலைவி போய்க் கேட்டாள். அக்கா முதலில் கிண்டல் என்று நினைத்தார். நிஜம் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"என் குரலையா? வேண்டாம்மா. எங்க வீட்டுலயே நான் பேச ஆரம்பிச்சா டிவியைக் கூட்டி வைப்பாங்க. உங்க கம்பெனி மூழ்கணும்னா நேரா சொல்லிடு, நான் வேற வேலை பாத்துக்கிறேன்."

"அக்கா, ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாப்போம். யாருக்கும் கேக்கலைன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கட்டடத்துக்கு எதிரே இருந்த பூங்காவில் காலை நடைக்கு வருபவர்கள் சிலரைத் தலைவி கூட்டிவந்து, எங்கள் எல்லோருக்கும் பொதுவான சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தாள். என் வேலை மிக்ஸியை ஓட்டுவது. என் கூட்டாளி குழாயைத் திறந்துவிட்டான். விசிறி தலைக்கு மேலே கடகடத்தது. குரல் கேட்டால் கையைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான். முதலில் தேன் குரல் ஓடியது. யாரும் அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு, ஒல்லி தன் போனில் பதிவு செய்திருந்த அக்காவின் குரல் அதே கருவியிலிருந்து வந்தது. எல்லாக் கைகளும் மேலே போயின. கழிப்பறைக்குப் போயிருந்த ஒரு பெரியவர் நடைவழியிலிருந்து ஓடிவந்து, "யாரோ கூப்பிட்டாங்களே, என்ன?" என்றார்.

நான் மிக்ஸியை நிறுத்த மறந்துவிட்டேன். வெறும் மிக்ஸி ஓடி ஓடிக் கருகல் வாடை வந்தது. கருவி உடனே சொன்னதா என்கிறீர்களா? இல்லை, அது அடுப்பை மட்டும்தான் பார்க்கும்.

அக்கா கதவோரம் நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  கைகள் இறங்கியதும், "சரி, எப்பப் பேசணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்டூடியோவுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. மெத்தைக் கடைக்காரர் விட்டுப்போன பெரிய அலமாரி ஒன்று எங்கள் அறையில் இருந்தது, ஆள் நிற்கலாம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, கடைசியில் விற்காமல் கிடந்த எங்கள் குடைகளை விரித்து உள்ளே சுற்றிலும் அடுக்கினோம். அக்கா அந்தக் குடைக் காட்டுக்குள் நின்று பேசினார். நான் தங்களை மறந்துவிட்டுப் போனதாக நினைத்து அவை அவ்வப்போது என் போனை அடிக்கவைத்தன. அதற்காகவே ஒவ்வொரு குடையாகப் பேட்டரியைக் கழற்றினேன். எங்கள் குடை ஒழுங்காக வேலை செய்தது அந்த ஒரு நாள்தான்.

ஆனால் முதல் நாள் முழுவதும் வீண். மைக்கைப் பார்த்ததும் அக்கா விறைத்துப்போனார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி "பால்... பொங்கப்... போகிறது" என்றார். தலைவி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கேட்டாள்:

"அக்கா, வீட்டுல உங்க வீட்டுக்காரர் பாலை அடுப்புல வெச்சிட்டுப் போனைப் பாத்துட்டு இருக்காருன்னு வெச்சுக்கங்க. நீங்க துணி காயப்போட்டுட்டு இருக்கீங்க. என்ன சொல்வீங்க?"

அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள்!

"ஏங்க! பால் பொங்குது, போய்ப் பாருங்க!"

நாய்ப் பெட்டிக் கம்பெனியில் ஒருவன் நிஜமாகவே எழுந்து சாப்பாட்டு அறைக்கு ஓடினான்.

'ஏங்க'வை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு எழுதி வைத்திருந்த வாசகங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தயவுசெய்து, வெப்பநிலை, கவனிக்கவும் எல்லாம் போயின. "அடுப்பு எரியுது, ஆளைக் காணோம்." "மேல பாத்திரமே இல்ல, எதுக்கு எரியுது?" "அடுப்பை அணைச்சாச்சு, நிம்மதியாப் போங்க." இந்தக் கடைசி வாசகம் அக்காவே சேர்த்தது. குற்றம் சொல்ல மட்டும் வாயைத் திறந்தால் யாருக்குப் பிடிக்கும், நல்லதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார். பிறகு வந்த போன்களில் பாதி அந்த ஒரு வாசகத்தைப் பற்றித்தான். தனியாக இருக்கும் ஒரு டீச்சரம்மா, வெளியே கிளம்புமுன் அதைக் கேட்பதற்காகவே அடுப்பைப் பற்றவைத்து அணைப்பதாகச் சொன்னார்.

புதுக் குரல் போட்ட முதல் கருவியை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வந்தபின் கணவர் வெந்நீர் வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்திருக்கிறார். "அடுப்பு எரியுது, ஆளைக் காணோம்" என்று சமையலறையிலிருந்து குரல். மனிதர், "இதோ வந்துட்டேன்மா" என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மறுபடியும் குரல். "வர்றேன்னு சொல்றேன்ல!" என்று நீச்சல் குளத்துக் குரலில் கத்தியிருக்கிறார். மூன்றாவது தடவை கோபமாக எழுந்து உள்ளே போனால் ஆளே இல்லை. கட்டில் அடிவரை தேடிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான். ஏன்?"

"அப்ப இங்க இருக்கிறது யாரு?"

 அக்கா சிரிப்பில் கண்ணீர் வழியப் போனைத் தலைவியிடம் கொடுத்துவிட்டார். அன்று மாலை கணவர் எங்கள் எல்லோருக்கும் பெரிய டப்பா நிறையப் பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். "ஒருத்தியையே சமாளிக்க முடியல. இப்ப ரெண்டு. அதுல ஒருத்தி தூங்குறதே இல்ல" என்று சொன்னார். சொல்லும்போது முகத்தில் எவ்வளவு பெருமை!

சில வாரங்களில் புதிய கருவிகளுக்கான பெரிய போட்டி ஒன்று வந்தது. பெரிய அரங்கம், மேடை, பின்னால் பிரம்மாண்டமான திரை. எங்கள் கட்டடத்திலிருந்து பாதிப்பேர் கலந்துகொண்டோம். எங்கள் குடை முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. அதனால் நான் நிம்மதியாகப் பார்வையாளர் பக்கம் வந்து அக்கா குடும்பத்தோடு உட்கார்ந்தேன். அக்கா, அவர் கணவர், மகள். மகள் அரைமனதோடு வந்திருந்தாள்.

தலைவி மேடையில் மின்சார அடுப்பு ஒன்றை வைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் பால் ஊற்றினாள். மேலே நின்ற பலகையில் கருவி. பேசிக்கொண்டே இருந்தாள், பால் காய்ந்துகொண்டே இருந்தது. திரையில் பால் பெரிதாகத் தெரிந்தது. ஓரங்களில் நுரை கட்டியது. நடுவில் மெல்ல எழும்பத் தொடங்கியது. கருவி பேசவில்லை. தலைவி இன்னொரு வாக்கியம் சேர்த்துப் பேசினாள். பால் விளிம்புக்கு வந்தது. மேடையோரம் ஒல்லி வெளுத்துப்போய் நின்றிருந்தான். கருவியிடமிருந்து மூச்சு பேச்சில்லை. அரங்கம் முழுக்க ஆயிரம் பேர் நுரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் பக்கத்தில் ஏதோ வெடித்ததுபோல் இருந்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"பால் பொங்குது, போய்ப் பாருங்க!"

மைக் எதுவும் இல்லை. ஆனாலும் அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடை வரை அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. தலைவி பாய்ந்து அடுப்பை அணைத்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து மேடையில் இருந்த கருவி விழித்துக்கொண்டு, அதே குரலில், அதே மாதிரி, "பால் பொங்குது, போய்ப் பாருங்க!" என்றது.

ஒரு கணம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், அரங்கமே குலுங்கியது. அக்கா பொத்தென்று உட்கார்ந்து மகளின் பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஐயோ, கெடுத்துட்டேனே! நான் நினைக்கவே இல்லைங்க, தானா வந்துடுச்சு!"

மேடையில் தலைவி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "முதல்ல பேசினது எங்க அக்கா. ரெண்டாவது பேசினது எங்க மெஷின். ரெண்டு பேருக்கும் குரல் ஒண்ணுதான். ஆனா இன்னைக்கு அக்காதான் வேகம். மெஷினை இன்னும் கொஞ்சம் பழக்கணும்" என்றாள். இப்போது சிரிப்போடு கைத்தட்டலும் சேர்ந்தது. நடுவர்களில் ஒருவர் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் எழவில்லை. மகள்தான் பையைப் பிடுங்கிக்கொண்டு, "எந்திரிம்மா, உன்னைத்தான் கேக்குறாங்க!" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அதோடு நிற்காமல் நாற்காலியில் ஏறி நின்று, "எங்கம்மா!" என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தியபோது அவள் குரலும் கொஞ்சம் பெஞ்சு இழுத்தது.

கோளாறு என்ன என்றால், திரையில் காட்டுவதற்காக ஒல்லி கருவியை அரங்கத்தின் இணையத்தோடு இணைத்திருந்தான். ஆயிரம் போன்களுக்கு நடுவில் அந்த இணையம் திணறிவிட்டது. அன்றிலிருந்து அவன் ஒரு முடிவெடுத்தான். கருவி யாரையும் நம்பாமல், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தானாகவே பேசவேண்டும். அது வீடுகளுக்கும் நல்லதாகப் போயிற்று.

முதல் பரிசு பாட்டுப் பாடும் பல் பிரஷுக்குப் போனது. எங்கள் மூன்றாம் மாடிதான், சந்தோஷம்தான். ஆனால் இடைவேளையில் கூட்டம் மொய்த்தது அடுப்புக்கண் மேசையை. நிறையப் பேர் கருவியைப் பார்க்க வரவில்லை, அக்காவைப் பார்க்க வந்தார்கள். "எங்கம்மாவுக்கு வேணும்." "எங்க மாமனாருக்கு வேணும்." "எனக்கே வேணும், நான்தான் மறக்கிறேன்." அக்கா ஒவ்வொருவரிடமும் நின்று பேசினார். பள்ளியில் கடைசி வரிசையில் வாயை அசைத்த மனிதர், அன்று மாலைவரை வாயை மூடவே இல்லை.

அதன்பிறகு கருவி வேகமாகப் போனது. அவர்கள் எங்கள் தடுப்பை எடுத்துவிட்டு எங்கள் அறையையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் குடைக் கம்பெனியை நாங்கள் மரியாதையாக மூடினோம். கூட்டாளி வெளிநாடு போனான். நான் பத்தடி தள்ளி, தடுப்பு இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்காலிகூட மாறவில்லை.

ஒருநாள் அக்காவின் அண்ணனிடமிருந்து போன் வந்தது. யாரோ ஒருவர் வீட்டில் கல்யாணத்துக்குப் பாடப் போயிருக்கிறார். பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுத்த நேரத்தில் சமையலறையிலிருந்து தங்கையின் குரல். பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கிலேயே, "தவளை, நீ எங்க இங்க?" என்று கேட்டுவிட்டாராம். கல்யாண வீடே சிரித்திருக்கிறது.

"மேடையில நான் பாடுறேன், எல்லாரும் சமையல்கட்டை எட்டிப் பாக்குறாங்க. என் பிழைப்புல மண்ணைப் போடாத, சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

"நீ கொஞ்சம் சத்தமாப் பாடு. பின்னால கேக்கலன்னு சொல்றாங்க" என்றார் அக்கா. இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தார்கள். போனை வைத்துவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கண்கள் ஈரமாக இருந்தன. முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

மகள் செய்த வேலை வேறு. அம்மா காலையில் தன்னை எழுப்பும்போது போடும் சத்தத்தை ரகசியமாகப் பதிவு செய்து தோழிகளுக்குக் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் பாதிப்பேரின் போனில் அதுதான் காலை அலாரம். "எந்திரி! மணி என்ன ஆகுது! இன்னும் என்ன தூக்கம்!" பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் மிஸ் சந்தோஷப்பட்டாராம். அந்தக் கூட்டத்துக்கு மகள்தான் அக்காவை வற்புறுத்தி அழைத்துப்போனாள். முதல் வரிசையில் உட்காரவைத்தாள்.

இப்போது அக்காவுக்குக் குரல் தேடுகிற வேலை. மற்ற மொழி பேசும் ஊர்களுக்கும் கருவி போகிறது. அங்கெல்லாம் அந்த ஊர்க் குரல் வேண்டும். ஸ்டூடியோக்களுக்கு அக்கா போவதில்லை. மீன் சந்தைக்குப் போவார், பஸ் நிலையத்துக்குப் போவார், பள்ளி விளையாட்டுத் திடலுக்குப் போவார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எத்தனை இரைச்சல் இருந்தாலும் எந்தக் குரல் தனியாக வந்து காதைத் தொடுகிறதோ, அந்த ஆளைத் தேடிப் போய்ப் பேசுவார். ஒரு ஊரில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர், இன்னொரு ஊரில் கைப்பந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண். முதலில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்களாம்: "என் குரலையா?"

ஆனாலும் காலையில் ஒரு மணி நேரம் உதவி மையத்துப் போனை அவரே எடுப்பார். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். தலைவி ஒரு முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "நீ வேணும்னா உன் நாற்காலியை எனக்குக் கொடு, இந்தப் போனைத் தர மாட்டேன்" என்றார் அக்கா.

போன வாரம், எங்கள் பழைய அறையில் இப்போது கட்டியிருக்கும் கண்ணாடிப் பதிவறையில், புதுக் கருவி ஒன்றுக்குப் பதிவு நடந்தது. துணி துவைக்கும் மெஷினில் ஒட்டிவைப்பது. வேலை முடிந்ததும் சொல்லும். "துணி தயார், எடுத்துக் காயப்போடுங்க" என்று தலைவி எழுதிக் கொடுத்திருந்தாள். அக்கா அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படிச் சொன்னா யாரு எந்திரிப்பாங்க? எங்க வீட்டுல ரெண்டு பேரும் அசைய மாட்டாங்க."

"வேற எப்படிச் சொல்றது?"

"துணியை எடுங்க, இல்லன்னா நாறும்!"

தலைவி தலையில் கைவைத்தாள். இதைப் போட்டால் வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றாள். ஒல்லி கோபிக்க மாட்டார்கள் என்றான். கைதூக்கி முடிவெடுப்போம் என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள். பிரஷ்காரர்களும் நாய்ப் பெட்டிக்காரர்களும்கூட வந்துவிட்டார்கள். தலைவியைத் தவிர எல்லோரும் கையைத் தூக்கினோம். அவளும் கடைசியில், யாரும் பார்க்காத மாதிரி, பாதிக் கையைத் தூக்கினாள்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். "நாறும்" என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். மறுபடியும் ஆரம்பித்தார், மறுபடியும் அதே இடத்தில் சிரிப்பு. வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சிரிக்க, எங்களைப் பார்த்து அவர் சிரிக்க, அன்று மாலை அந்த ஒரு வரியைப் பதிவு செய்யவே முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒல்லி மைக்கை அணைத்துவிட்டு, விளக்குகளையும் அணைத்தான். படியில் இறங்கும்போதும் அக்காவின் சிரிப்பு மூன்று மாடிக்கும் கேட்டது.